ஒரு துளி உமிழ்நீர்

மரபணுச் சோதனை என்னும் சொல் இன்று விஞ்ஞானக் கூடங்களுக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுத் திண்ணைகளிலும் அது பேசப்படுகின்றது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி ஊர்களை அழித்தபோது, கல்முனை ஆஸ்பத்திரியில் 81 ஆவது ஆளாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை ஒன்றைத் தம் பிள்ளையென்று ஒருவருக்கு மேற்பட்டோர் உரிமை கோரியதாகச் செய்திகள் வெளியாயின. நீதிமன்றக் கட்டளைப்படி நடந்த மரபணுச் சோதனை, 2005 பெப்ரவரியில், அக்குழந்தையின் தாய் தந்தையர் இன்னாரென நிறுவிற்று. பிள்ளையைத் தாயின் கையிற் சேர்த்த விஞ்ஞானமாகவே நம்மவர் பலர் அதனை முதன்முதல் அறிந்துகொண்டனர்.

பத்தாண்டுகளின் பின் அதே விஞ்ஞானம் வேறொரு பணிக்காக நம் பத்திரிகைகளில் இடம்பெற்றது. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவயில் ஒரு சிறு பெண்குழந்தை கொடுமையாகக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தெழுந்தது. 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவன் சந்தேகத்தின்பேரிற் பிடிக்கப்பட்டான். அவனது மரபணு பொருந்தவில்லை. பின்னர் வேறொருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வெளியாயிற்று, அவனுடையதும் பொருந்தவில்லை. ஈற்றில் அவனுடைய சகோதரனின் மரபணுவே பொருந்திற்று. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அச்சகோதரனுக்கு மரண தண்டனை விதித்தது. அந்தச் சோதனை இல்லாதிருந்தால் அம்மாணவனின் கதி யாதாகியிருக்கும் என்று எண்ணும்போதே நெஞ்சு நடுங்குகின்றது.

உயர்தர வகுப்பு மாணவர்க்கு உயிரியல் கற்பிப்பவன் நான். பரம்பரையியற் பாடம் வரும் ஒவ்வோராண்டும் இவ்வழக்கைப் பற்றிய பேச்சு வகுப்பில் எழும். எழுந்ததும், கெட்டிக்கார மாணவன் ஒருவன் தவறாமற் கேட்கும் கேள்வியொன்றுண்டு. "அப்படியாயின் ஐயா, நாட்டிலுள்ள எல்லாருடைய மரபணுவையும் பிறந்தவுடனேயே பதிந்து வைத்தாலென்ன? குற்றவாளி ஒருவனும் தப்பமாட்டானே! குற்றஞ் செய்யாதவனுக்கு அதனால் என்ன பயம்?"

கேள்வி நேர்மையானது. பெரியவர்களும் படித்தவர்களும் இதையே கேட்கின்றனர். சிரித்துத் தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று இது. ஆகவே வகுப்பறையின் நாற்பது நிமிடத்தில் அடங்காத விடையை இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன்.

முதலில் விடுதலை பெற்றவன்

1984 செப்டெம்பர் 10 ஆம் திகதி, இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்றிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் எக்ஸ்கதிர்ப் படலம் ஒன்றைக் கழுவியெடுத்துப் பார்த்தார். அவருடைய ஆய்வுகூட உதவியாளர் ஒருவரும் அவருடைய தாய் தந்தையரும் கொடுத்த மரபணுக்கள் அதிலே கோடுகளாகத் தெரிந்தன. ஆளுக்காள் கோடுகள் வேறுபட்டன. ஆயினும் பிள்ளையின் கோடுகள் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்தவையாக இருந்தன. ஒருவனை மற்றெல்லாரிடமிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளமும், அவனை அவனுடைய குடும்பத்தோடு பிணைத்துக் காட்டும் அடையாளமும் ஒரே படலத்தில் ஒரே நாளிற் பிறந்தன. இதனை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னால் வரும் சிக்கல்களெல்லாம் இதிலிருந்தே முளைக்கின்றன.

லெஸ்ரருக்கு அணித்தாயுள்ள நாபரோ, எண்டர்பி ஆகிய கிராமங்களில் 1983 இலும் 1986 இலும் பதினைந்து வயதுச் சிறுமியர் இருவர் கொலையுண்டனர். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டான், முதலாவதை மறுத்தான். அதனையும் அவன்மேல் நிறுவும் நோக்கத்துடன் பொலிசார் ஜெப்றிஸை நாடினர். வந்த விடையோ எவரும் எதிர்பாராதது. இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே. அவன் இந்த இளைஞன் அல்லன்! ஒப்புக்கொண்டவன் விடுவிக்கப்பட்டான். குற்ற வழக்கொன்றில் மரபணு முதன்முதலாகச் செய்த வேலை ஒரு நிரபராதியைச் சிறையினின்றும் மீட்டது என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.

அதன்பின் 1987 இல் அயற்கிராமங்களின் ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் இரத்தமும் உமிழ்நீரும் பெறப்பட்டன. ஒருவருடையதும் பொருந்தவில்லை. கொலின் பிச்போர்க் என்னும் வெதுப்பகத் தொழிலாளி தனக்குப் பதிலாகச் சக தொழிலாளி ஒருவனை அனுப்பியிருந்தான். அந்த ஆள்மாறாட்டம் மதுச்சாலை ஒன்றில் நிகழ்ந்த பேச்சினாலேயே வெளியாயிற்று. 1988 ஜனவரியில் பிச்போர்க்குக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. ஐயாயிரம் பேரின் இரத்தம் காட்டாததை ஒருவனுடைய வாய் காட்டிவிட்டது. விஞ்ஞானம் விசாரணையாளனுக்குத் துணையே. அவனுடைய காதுக்கும் கருத்துக்கும் அது ஈடாகமாட்டாது.

எதைப் படிக்கின்றார்கள்?

நம் உடலின் கலங்களிலுள்ள மரபணு இழையில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. மனிதருக்கு மனிதர் அவற்றில் மிகப் பெரும்பகுதி ஒன்றேயாம். வேறுபடுவது மிகச் சிறுபகுதி. அதிலும், சில குறிப்பிட்ட இடங்களில் ஒரே சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருகின்றது. ஒருவனுக்கு ஏழு முறை வருவது மற்றொருவனுக்குப் பதினொரு முறை வரும். பொலிசாரின் பதிவேட்டில் எழுதப்படுவது இந்த எண்ணிக்கைதான். அமெரிக்காவின் தேசியப் பதிவேடு முன்னர் 13 இடங்களை எண்ணிற்று. 2017 முதல் 20 இடங்களை எண்ணுகின்றது. இவ்வெண்களைப் பார்த்து ஒருவனுடைய நோயையோ குணத்தையோ சொல்லுதல் அரிது.

ஆயினும், எண்கள் வேறு, எண்களைப் பெற்ற மாதிரி வேறு. குளிரூட்டியில் வைக்கப்பட்ட அந்தப் பஞ்சிலோ, இரத்தத் துளியிலோ, 300 கோடி எழுத்துக்களும் முழுமையாக இருக்கின்றன. இன்று இருபது இடங்களைப் படித்தவர் நாளை இருபது இலட்சம் இடங்களைப் படிக்கலாம். அவன் எந்நோய்க்கு ஆளாவான், அவனைப் பெற்றவர் எவர் என்பனவெல்லாம் அதிலே கிடக்கின்றன. விரலடையாளத்துக்கும் மரபணுவுக்குமுள்ள வேறுபாடு இதுவே. என் பெருவிரல் ரேகை நான் யார் என்பதை மாத்திரம் சொல்லும். என் தகப்பனார் யார் என்பதைச் சொல்லாது.

குற்றமற்றவனும் பதிவேடும்

"குற்றஞ் செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்னும் கேள்வி பிரித்தானியாவில் நீதிமன்றம் வரை சென்றது. உலகின் முதலாவது தேசிய மரபணுப் பதிவேடு 1995 இல் அங்கே தொடங்கப்பட்டது. 2001 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, வழக்கில் விடுதலையானவர்களின் மாதிரிகளையும் காலவரையின்றி வைத்திருக்கப் பொலிசாருக்கு அதிகாரமளித்தது. அவ்வாண்டில், கொள்ளை முயற்சி என்ற சந்தேகத்தில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் கைதாகி, பின்னர் குற்றமற்றவனென விடுதலையானான். அவனுடன் சேர்ந்து வழக்காடிய மற்றொருவர் குடும்பப் பிணக்கொன்றிற் கைதானவர். பிணங்கியோர் சமாதானமாகியமையால் அவர்மீதான வழக்குக் கைவிடப்பட்டது. இருவரும் தம் மாதிரிகளை அழிக்கும்படி கேட்டனர். பொலிசார் மறுத்தனர், நாட்டின் நீதிமன்றங்களும் அம்மறுப்பைச் சரியென்றன.

வழக்கு ஸ்ற்றாஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை அடைந்தது. 2008 டிசெம்பர் 4 ஆம் திகதி 17 நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். குற்றவாளியாகத் தீர்க்கப்படாதவரின் மரபணுவை, வயதையும் குற்றத்தின் தன்மையையும் நோக்காது, எல்லையின்றி வைத்திருத்தல் தனிவாழ்வுக்குரிய உரிமையை மீறுவதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். குற்றமற்றவனைக் குற்றவாளியோடு ஒரே பெட்டியில் வைத்தால், அவன்மேல் ஒட்டிய களங்கம் தீர்ப்பின் பின்னும் நீங்குவதில்லை என்பதை நீதிபதிகள் உணர்ந்தனர். 2012 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. 17 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகள் நீக்கப்பட்டன. 77 இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் அழிக்கப்பட்டன. மாதிரி பெறப்பட்டு ஆறு மாதத்துக்குள் அது அழிக்கப்படவேண்டும், எண்கள் மட்டுமே எஞ்சலாம் என்பது பொதுவிதியாயிற்று. இவ்வளவுஞ் செய்த பின்னும் அந்நாட்டின் பதிவேடு குற்றவாளிகளைப் பிடிக்கும் பணியை நிறுத்திவிடவில்லை.

பதிவேட்டில் இருப்பதனால் நிரபராதிக்கு உண்டாகக்கூடிய மற்றோர் இடரைச் சொல்கின்றேன். 2012 இல் கலிபோர்னியாவில் ஒரு செல்வந்தர் தம் வீட்டிற் கொல்லப்பட்டார். அவருடைய நகக்கண்ணில் வேறொருவனுடைய மரபணு காணப்பட்டது. பதிவேட்டைப் புரட்டியபோது, வீடுவாசலற்ற ஓர் ஏழையின் பெயர் வந்தது. அவன் கொலைக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பல மாதங்கள் சிறையிலிருந்தான். கொலை நடந்த இரவில் அவன் குடிமயக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடந்தான் என்பதை அவனுடைய வழக்கறிஞரே கண்டுபிடித்தார். அவ்விரவில் அவனை ஏற்றிச் சென்ற அம்புலன்ஸ் ஊழியர்களே, சில மணி நேரத்தின் பின் கொலையுண்டவரிடமும் சென்றிருந்தனர். அவர்களுடைய கைவழியாகவோ கருவி வழியாகவோ அவன் மரபணு அங்கே சென்று சேர்ந்தது. சோதனை பொய் சொல்லவில்லை. அது உண்மையில் அவனுடைய மரபணுவே. யாருடையது என்று மரபணு சொல்லும். எவ்வாறு அங்கு வந்தது என்று சொல்லாது. அவன் பெயர் முன்னமே பதிவேட்டில் இருந்தமையாலன்றோ அவன் அகப்பட்டான்? எல்லாரும் பதிவேட்டிலிருந்தால், இவ்வாறு அகப்படக்கூடியவர்களும் எல்லாருமே ஆவோம்.

இதனினும் வேடிக்கையானது ஜேர்மனியிற் கண்ட 'பேய்ப்பெண்' கதை. 2007 இல் ஹைல்புரொன் நகரில் ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தர் சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த பெண் மரபணு, ஜேர்மனி, ஒஸ்ரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் ஏறத்தாழ 40 குற்ற இடங்களிற் கிடைத்ததோடு பொருந்திற்று. கொலைக்கும் களவுக்கும் அஞ்சாத ஒருத்தியை மூன்று நாட்டுப் பொலிசாரும் தேடினர். 2009 இல் உண்மை வெளியாயிற்று. மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளைத் தொழிற்சாலையிற் கையாண்ட பெண்ணின் மரபணுவே அது! கிருமி நீக்கிய பஞ்சு மரபணு நீக்கிய பஞ்சாவதில்லை என்பதை உலகம் அன்று படித்துக்கொண்டது.

உறவினர் வழியே

இதுவரை கூறியவை ஒருவன் தன் மாதிரியைத் தான் கொடுத்ததனால் வருபவை. கொடுக்காதவனையும் அவனுடைய உறவினர் கொடுத்ததைக்கொண்டு கண்டுபிடிக்கும் காலம் 2018 இல் வந்தது.

1974 முதல் 1986 வரை கலிபோர்னியாவை நடுங்கவைத்த கொலைகாரன் ஒருவன் நாற்பது ஆண்டுகளாக அகப்படாதிருந்தான். அவன் விட்டுச்சென்ற மரபணு பத்திரமாக இருந்தது. பொலிஸ் பதிவேட்டில் மட்டும் அவன் இல்லை. வம்ச விருட்சம் தேடும் பொதுமக்கள் தம் மரபணு விபரங்களைத் தாமாகவே சேர்த்து வைத்த ஜெட்மச் என்னும் இணையக் களஞ்சியத்தில் விசாரணையாளர் அவ்விபரத்தை இட்டனர். தூரத்து உறவினர் சிலர் கிடைத்தனர். அவர்களிலிருந்து பல தலைமுறை மேலேறி, பொது முன்னோரைக் கண்டு, மீண்டும் கீழிறங்கி, வயதும் ஊரும் பொருந்துவோரை வடித்தெடுத்தனர். ஈற்றில் ஜோசப் டீஆஞ்சலோ என்னும் முன்னாட் பொலிஸ்காரன் அகப்பட்டான். அவன் எறிந்த கடதாசிக் கைக்குட்டையிலிருந்த மரபணு குற்ற இடத்து மரபணுவோடு பொருந்திற்று. 2020 இல் அவன் 13 கொலைகளை ஒப்புக்கொண்டு ஆயுட்சிறை பெற்றான். மகளை இழந்த தாய்மார் நாற்பது ஆண்டுகளின் பின் நீதியைக் கண்டனர். இதனை எவன் குறைகூறுவான்?

ஆயினும் அதே முறையின் மற்றொரு முகத்தை ஐடஹோ மாநிலத்து வழக்கொன்று காட்டும். 1996 இல் ஐடஹோ போல்ஸ் நகரில் 18 வயதுப் பெண்ணொருத்தி கொல்லப்பட்டாள். நெடுநேர விசாரணையின் முடிவில் ஓர் இளைஞன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மரபணு பொருந்தாதிருந்தும் அவன் சிறை சென்றான். உண்மைக் குற்றவாளியைத் தேடிய பொலிசார், 2014 இல், வம்ச விருட்சக் களஞ்சியம் ஒன்றில் ஒருவருடைய மரபணு 35 இடங்களில் 34 இற் பொருந்துவதைக் கண்டனர். பல ஆண்டுகளுக்கு முன் அதனைக் கொடுத்தவர் ஒரு முதியவர். சந்தேகம் அவருடைய மகன்மேல் விழுந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரில் வாழ்ந்த அம்மகனை அழைத்து விசாரித்து மாதிரி பெற்றனர். தான் கொலைச் சந்தேகத்திலிருந்து நீங்கியதை அறியும்வரை அவர் வாரக்கணக்கிற் காத்திருந்தார். அவர் செய்த தவறு யாது? அவருடைய தந்தை ஒருகாலத்தில் உமிழ்நீர் கொடுத்ததேயாம்.

சிலம்பு சிலம்பைப் போலிருந்தமையாற் கோவலன் வெட்டுண்ட கதையை நம்மில் அறியாதார் யார்? வெளித்தோற்றம் ஒத்திருந்தது, உள்ளிருந்த பரல் வேறு. 35 இல் 34 என்பதும் அத்தகைய ஒப்புமையே. நல்லவேளையாக, அங்கே சிலம்பை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவுசெய்தார்கள். 2019 இல், மேலும் நுட்பமான வம்ச ஆராய்ச்சியால் உண்மைக் குற்றவாளி பிடிபட்டான். இருபது ஆண்டளவு சிறையிற் கழித்த அந்த இளைஞனும் அவ்வாண்டிலேயே முற்றாகக் குற்றமற்றவனெனத் தீர்க்கப்பட்டான். ஒரே வழக்கில் ஒரே கருவி ஒரு நிரபராதியைத் துன்புறுத்திற்று. மற்றொரு நிரபராதியை மீட்டது. ஆகவே கருவியை எறிந்துவிடுதலும் அறிவன்று. கட்டின்றி விடுதலும் அறிவன்று.

2018 இல் 'சயன்ஸ்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் ஒரு கணிப்பு வெளியாயிற்று. 12 இலட்சத்து 80 ஆயிரம் பேரின் விபரங்களை ஆராய்ந்தோர், ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு, நான்கு தலைமுறைக்கு முந்திய பொதுப் பாட்டனைக் கொண்ட உறவினரோ அதனினும் நெருங்கியவரோ அதில் அகப்படுவர் என்று கண்டனர். அறுபது பேர் தாமாகக் கொடுத்தவர் அல்லர். எங்கோ ஓர் உறவினர் கொடுத்தமையால் அகப்படக்கூடியவர்கள்.

நம் வீட்டிற்கும் வந்தது

இது அமெரிக்கர் கதை, நமக்கென்ன என்று வாசகர் எண்ணலாம். சென்ற ஆண்டு ரொறன்ரோவிலிருந்து என் பெரியப்பாவின் மகன் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் பாட்டனாரின் தம்பி ஒருவர் 1920 களில் மலாயாவுக்குப் புகையிரதப் பகுதி உத்தியோகம் பார்க்கச் சென்றவர். ஜப்பானியர் காலத்தோடு கடிதம் நின்றுபோயிற்று. அவருடைய படமும் கடிதங்களும், சாதகக் குறிப்புகளும் 1995 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டன. அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் எங்கே இருக்கின்றார்கள் என்று அறிய அண்ணருக்குப் பெரு விருப்பம். "தம்பி, குழாய்க்குள்ளை கொஞ்சம் துப்பி அனுப்பினால் காணும், மிச்சத்தைக் கம்பனிக்காரர் பார்ப்பினம்," என்றார்.

அவ்விருப்பத்தை நான் எள்ளளவும் குறைவாக மதிக்கவில்லை. சிதறிய குடும்பம் தன் இழைகளைத் தேடுவது இயல்பே. ஆயினும் உடனே இசையாமல் என் தங்கையிடம் யோசனை கேட்டேன். அவள் சட்டென்று சொன்னாள்: "அண்ணா, துப்புறது நீங்கள்தான், ஆனால் அதுக்குள்ளை என்ரை பிள்ளையளும் இருக்கினமே. அவையளை ஆர் கேட்டது?" உயிரியற் பட்டதாரியாகிய நான் ஒரு பாடவேளையில் விளக்குவதை அவள் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டாள். உடன்பிறந்தோர் தம் மரபணுவிற் பாதியளவைப் பகிர்கின்றனர். அவள் பிள்ளைகளுக்கும் எனக்கும் நாலிலொரு பங்கு பொது.

மலேசியாவிலுள்ள பழைய உத்தியோகப் பதிவுகளையும் கோயில் உபயகாரர் பட்டியல்களையும் முதலிலே தேடுவோம் என்று அண்ணருக்கு எழுதினேன். அவர் அனுப்பிய பதில் சுருக்கமானது. "நல்லது தம்பி. ஆனால் நான் போன வருஷமே கொடுத்திட்டன்."

அதை வாசித்தபின் நெடுநேரம் யோசித்திருந்தேன். அண்ணரும் நானும் ஒரு பாட்டனின் பேரர். எங்கள் மரபணுவில் எட்டிலொரு பங்கு சராசரியாக ஒன்றேயாம். தகப்பன் வழியில் இறங்கும் வை நிறமூர்த்தமோ, அவருடையதும் என்னுடையதும் ஏறக்குறைய ஒன்றே. ஐடஹோவில் 34 இடங்கள் பொருந்தியது அந்நிறமூர்த்தத்திலேதான். நான் கொடுக்கமாட்டேன் என்று கூறிய மறுப்பு, கூறுமுன்பே பாதி பயனற்றுப் போயிருந்தது. அண்ணரையும் நான் குற்றங்கூறேன். தம் உமிழ்நீரைக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டன்றோ? இங்கேதான் எனக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. வேறு பல இரகசியங்களை ஒருவன் தன் வாயடக்கத்தாற் காத்துக்கொள்ளலாம். மரபணு இரகசியத்தை அவ்வாறு காத்தல் இயலாது. அது பலருக்குப் பொதுவான முதுசம். பொதுமுதலைத் தனியொருவனுடைய எச்சரிக்கை காக்காது, சட்டமே காக்கவேண்டும்.

சட்டம் இல்லாவிடத்துக் கம்பனியின் வாக்குறுதியை நம்பலாமோ? மனிதனின் 23 சோடி நிறமூர்த்தங்களைத் தன் பெயரிலே தாங்கிய '23 அண்ட் மீ' என்னும் அமெரிக்கக் கம்பனியிடம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர் தம் உமிழ்நீரைக் கொடுத்தனர். 2023 இல் களவாக நுழைந்தோர் அங்கே 69 இலட்சம் பேரின் விபரங்களைப் பார்த்துவிட்டனர். 2025 மார்ச்சில் கம்பனி வங்குரோத்து வழக்குத் தாக்கல் செய்தது, அவ்வாண்டிலேயே கைமாறிற்று. கடை ஒன்று முறிந்தால் மேசையும் நாற்காலியும் ஏலத்துக்கு வரும். இங்கே ஏலத்துக்கு வந்தது குடும்பங்களின் பரம்பரை.

எத்தகைய வேலி?

வேலி என்றால் கதவில்லாத மதில் என்பது பொருளன்று. மரபணுச் சாட்சியம் நமக்கு வேண்டும். கொட்டதெனியாவ மாணவனுக்கும் நாபரோ இளைஞனுக்கும் அது எத்துணை வேண்டியிருந்தது! பிறநாடுகள் பட்டுத் தெளிந்த விதிகளைத் தொகுத்து நோக்கினால் வேலியின் உருவம் புலனாகும்.

முதலாவது, குற்றம் பெரிதாயிருத்தல் வேண்டும். அமெரிக்க நீதித் திணைக்களம் 2019 இல் வகுத்த நெறிப்படி, கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்களில், பொலிஸ் பதிவேட்டுத் தேடல் பயன்தராதபோதே வம்சக் களஞ்சியத்தை நாடலாம். அங்கே கிடைப்பது ஒரு தடயம் மட்டுமே. அதனைக்கொண்டு மாத்திரம் எவரையும் கைதுசெய்தல் ஆகாது. இரண்டாவது, நீதிபதியின் அனுமதி. மேரிலாண்ட் மாநிலம் 2021 இல் இதனைச் சட்டமாக்கிற்று. தேடுபவனே தேடலுக்கு அனுமதியும் அளித்துக்கொள்ளலாகாது. மூன்றாவது, கொடுத்தவரின் வெளிப்படையான சம்மதம். பொலிசார் பார்க்கலாம் என்று தாமாகக் குறித்தவர்களின் விபரங்களை மட்டுமே காட்டுவதென ஜெட்மச் 2019 இல் தன் விதியை மாற்றிக்கொண்டது.

நான்காவது, எதற்காகப் பெற்றார்களோ அதற்கே பயன்படுத்தல். சன் பிரான்சிஸ்கோவில், பாலியல் வன்முறைக்காளான பெண்ணொருத்தி முறைப்பாடு செய்தபோது கொடுத்த மாதிரியைக்கொண்டே, பின்னொருகால் அவளைக் களவுக் குற்றத்திற் பிடித்த செய்தி 2022 இல் வெளியாயிற்று. வழக்குக் கைவிடப்பட்டது, அவ்வாண்டே கலிபோர்னியா அதனைத் தடைசெய்தது. நியூ ஜேர்சி மாநிலத்தில், பச்சிளங் குழந்தையின் குதிகாலில் நோய்ச் சோதனைக்காக எடுத்த இரத்தத்தைக்கொண்டு அதன் தந்தையைப் பழைய வழக்கொன்றில் தேடினர். பிறந்தவுடன் எல்லாரையும் பதியலாமே என்னும் மாணவர்க்கு இதுவே என் விடை. தாய் அச்சமின்றிப் பிள்ளையை வைத்தியரிடம் கொடுத்தல் வேண்டும். முறைப்பாடு செய்யவரும் பெண் அச்சமின்றிப் பொலிஸ் நிலையத்துப் படியேறல் வேண்டும். அந்த நம்பிக்கை குலைந்தால் நோயும் குற்றமும் இரண்டுமே மறைந்து வளரும்.

ஐந்தாவது, குற்றமற்றவரின் மாதிரியும் பதிவும் குறித்த காலத்துள் அழிக்கப்படல். ஆறாவது, குற்றஞ்சாட்டப்பட்டவன் ஏழையாயினும், அச்சோதனையை மீண்டும் செய்விக்கவும் கேள்வி கேட்கவும் வல்ல நிபுணரின் உதவி. கலிபோர்னிய ஏழையைக் காத்தது இன்னொரு சோதனையன்று. ஆஸ்பத்திரிப் பதிவைத் தேடிப் பார்த்த ஒரு வழக்கறிஞரின் பொறுமை.

நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மரபணு விபரத்தை விசேட கவனத்துக்குரிய வகையிற் சேர்த்துள்ளது. அது நல்ல அத்திவாரம். பொலிசார் பெறும் மாதிரி எவ்வளவு காலம் இருக்கலாம், யார் பார்க்கலாம், யார் அழிக்கவேண்டும் என்பன அதன்மேல் எழும்பவேண்டிய சுவர்கள். இன்று பரம்பரையியலை மனனஞ் செய்யும் மாணவர் சிலர் நாளை ஆய்வுகூடத்திலும், சிலர் நீதிமன்றத்திலும், ஓரிருவர் பாராளுமன்றத்திலும் இருப்பர். அச்சுவர்களை எழுப்பும் கை அவர்களுடையது. அவ்வேளையில் தம் முன்னுள்ள மாதிரி ஒரு குற்றவாளியினுடையது, அல்லது ஒரு சந்தேகநபருடையது என்று மட்டும் அவர்கள் எண்ணாதிருப்பாராக. அந்த ஒரு துளியிலே அவனுடைய தாயும், தங்கையும், தங்கையின் பிள்ளைகளும், இன்னும் பிறவாத பேரரும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரும் எக்குற்றமும் செய்தவர் அல்லர்.